படுத்தால் மறையும் முகம்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு முகம் இருந்ததாம். அந்த ஒரு முகத்தை அண்ணன் தம்பி இரண்டு பேர் வைத்துக்கொண்டிருந்தார்களாம். அண்ணன் ஒருநாள் சேலத்துக்கு பஸ் ஏறிப் போனவன் போனவன்தானாம், முகம் மட்டும் தம்பியிடமே தங்கிப்போயிற்றாம். கதையாகச் சொன்னால் இவ்வளவுதான், வெற்றிலை போட்டு மெல்லுவதற்குள் முடிந்துவிடும் என்று பசுபதி நினைத்துக்கொண்டான். நினைத்தபோதே கண்ணுக்குக் கீழே சில்லென்றது. மை இன்னும் காயவில்லை. கோயமுத்தூரில் அந்தக் கண் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே சுவரோரம் போட்டிருந்த நாற்காலியில், முதுகில் நாடா கட்டிய பச்சை அங்கியோடு அவன் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் டாக்டர் நிலோஃபர் வந்து, நேராக உட்காருங்க, கூரையைப் பாருங்க, இப்ப என்னைப் பாருங்க என்று சொல்லிச் சொல்லி, அவன் கண்ணாடியைக் கழற்றி, இரண்டு கண்ணுக்கும் கீழே தொங்கும் பையைச் சுற்றி ஊதாப் பேனாவால் கோடு போட்டுவிட்டு, கண்ணாடியைத் திரும்ப மாட்டிவிட்டுப் போயிருந்தார். உள்ளே வேறொருவருக்கு நடந்துகொண்டிருக்கிறது, அது முடிந்ததும் கூப்பிடுவார்கள், அதுவரை சாயவேண்டாம், தேய்க்கவேண்டாம். தேய்க்கவேண்டாம் என்று சொன்னதிலிருந்து தேய்க்கவேண்டும் போலவே இருந்தது. பக்கத்து நாற்காலியில் அண்ணி செல்லாண்டி, அவனுடைய சட்டையையும் வேட்டியையும் மடித்து மடியில் வைத்துக்கொண்டு, எதிரே சத்தத்தை அடைத்து ஓடவிட்டிருந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமம், தலையில் காலையில் கரூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய மல்லி, கழுத்தில் மஞ்சள் கயிறு. கூட ஒரு ஆள் வந்தே ஆகவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவன் வேலை பார்க்கும் கொசுவலைக் கம்பெனியில் யாரைக் கேட்டிருந்தாலும் வந்திருப்பார்கள். அவன் அண்ணியைத்தான் கேட்டான். ஏன் கேட்டான் என்பது அவனுக்குத் தெரியும். அவளிடம் ஒன்றைச் சொல்லவேண்டும். உள்ளே கூப்பிடுவதற்குள் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் சாகும்வரை சொல்லவே கூடாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்றிருந்தார்கள். அதனால்தான் ஒட்டுகிறது, வேறொன்றும் இல்லை, தண்ணீர் குடித்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பொய். பஸ்ஸில் வரும்போது மடியில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் போனதற்கும் வாயில் வார்த்தை இல்லாமல் போனதற்கும் என்ன சம்பந்தம்.

இந்தப் பை ஒன்றும் வியாதி இல்லை என்று டாக்டர் முதல் தடவையே சொல்லிவிட்டார். கண் என்பது ஒரு குழிக்குள் கொழுப்பு மெத்தைமேல் உட்கார்ந்திருக்கிறது, முன்பக்கம் ஒரு மெல்லிய சவ்வு அந்த மெத்தையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, சவ்வு தளர்ந்தால் மெத்தை பிதுங்குகிறது, பலபேருக்கு வயசானால் தளரும், உங்க குடும்பத்துக்கு வாலிபத்திலேயே தளருது, அவ்வளவுதான். தூக்கமில்லாததால் வருவதில்லை, குடியால் வருவதில்லை, வெள்ளரிக்காய் வைத்தால் போவதுமில்லை. குடியால் இல்லை என்று அவர் சொன்னபோது பசுபதிக்கு அதை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக் கம்பெனி வாசலில் ஒட்டலாமா என்று தோன்றியது. ராத்திரி எந்தக் கடைங்க என்று லோடு ஏற்றுகிறவர்கள் சிரிக்காத காலை உண்டா. பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரையும் பார்த்தால் வாத்தியாரே, டேய், ரேஷன் கடைக்குப் பை கொண்டுவந்த பசங்களா, பைக்குள்ள சக்கரையா பாமாயிலா என்பார். தம்பிக்கு அழுகை வரும். அண்ணன் ரத்தினகிரி அழமாட்டான், சக்கரைங்க சார், உங்களுக்கு வேணுமா என்று முகத்தை நீட்டுவான். அடி விழும். அடி வாங்கிக்கொண்டே சிரிப்பான், சிரித்தால் பை இன்னும் பெரிதாகும். டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். மரத்துப்போக ஊசி போடுவோம், கூடவே அரைத்தூக்கம் வரும் மருந்து. கீழ் இமையின் உள்பக்கமாகவோ இமை முடிக்குக் கீழாகவோ சின்னதாகத் திறந்து, கொழுப்பைக் கொஞ்சம் எடுத்து, கொஞ்சத்தைப் பள்ளத்தில் நிரவி வைப்போம். ஒரு மணி, ஒன்றரை மணி. விழித்தால் கண் மங்கலாக இருக்கும், களிம்பு போட்டிருப்போம், பயப்படக்கூடாது. வீங்கும். கறுத்து, நீலமாகி, மஞ்சளாகி, இரண்டு வாரத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். ஐஸ் ஒத்தடம், தலையணையை உயர்த்திப் படுக்கணும், குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. கண்ணீர் தானாக வடியும். சில பேருக்கு உலர்ந்துபோகும், சில பேருக்குக் கீழ் இமை கொஞ்ச நாள் இழுத்தாற்போல் நிற்கும், அபூர்வமாக அப்படியே நின்றுவிட்டால் திரும்பச் சரிசெய்யவேண்டி வரலாம், ரொம்ப ரொம்ப அபூர்வமாகக் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து பார்வையே போகலாம், அதனால்தான் ரத்தம் நீர்த்துப்போகிற மாத்திரை எதுவும் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள் என்கிறேன். வேறு ஆளாக ஆகிவிடமாட்டீங்க, நல்லாத் தூங்கி எழுந்த நீங்களா இருப்பீங்க. இதையெல்லாம் அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். வேறு ஆளாக ஆகமாட்டேன் என்றால் எதற்கு வந்தேன் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது, அதை அதட்டி உட்காரவைத்தான். அப்புறம்தான் அவர் சும்மா ஒரு வேடிக்கை காட்டுகிற மாதிரி கைக்கண்ணாடியைக் கொடுத்து, அந்த பெஞ்சில் மல்லாந்து படுங்க, இப்ப முகத்தைப் பாருங்க என்றார். பார்த்தான். பை இல்லை. வழித்து எடுத்ததுபோல் இல்லை. கன்னம் ஒட்டிப்போய், மூக்கு எடுப்பாக, யாரோ ஒரு ஆள் கண்ணாடிக்குள் படுத்துக்கொண்டு அவனைப் பார்த்தான். படுத்தா கொழுப்பு உள்ளே போயிரும், அதனால கோடு எப்பவும் உட்காரவெச்சுத்தான் போடுவோம், படுக்கவெச்சுப் போட்டா எங்க எடுக்கறதுன்னே தெரியாது என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். பசுபதிக்கு அதற்கப்புறம் ஒன்றும் காதில் விழவில்லை. அந்த யாரோ ஒரு ஆளை அவன் ஏற்கெனவே பார்த்திருந்தான். ஒரே ஒரு தடவை. அவனும் மல்லாந்துதான் படுத்திருந்தான்.

படுத்தா போயிரும். நாலு எழுத்துத் தெரிந்தவனுக்கு, கண்ணாடி பார்க்கிறவனுக்கு, இத்தனை வருஷமாக இது தெரியாமல் போகுமா. படுத்துக்கொண்டு யார் கண்ணாடி பார்க்கிறார்கள். படுத்திருக்கிறவனைப் பக்கத்தில் படுத்திருக்கிற பெண்டாட்டி பார்ப்பாள், அதுவும் இருட்டில். மேகலா அப்போது அண்ணி வயிற்றில் நாலு மாசம். ரத்தினகிரி லாரி ஆபீஸ் வேலையாகச் சேலம் போனவன் மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது, நெடுஞ்சாலையில் ஏதோ வண்டி அடித்துப்போட்ட ஆள் ஒருத்தர், பர்ஸ் இல்லை, நீலக் கட்டம் போட்ட சட்டை, வந்து பாருங்கள் என்று. அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு அண்ணியும் அவனும்தான் போனார்கள். சேலம் பெரியாஸ்பத்திரியின் பின்பக்கம், வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டடம். பினாயில் வாசமும் அதற்கடியில் இன்னொரு வாசமும். வெள்ளைத் துணி போர்த்தி, கணுக்காலிலிருந்து தலைவரைக்கும் நீளமாக. காவலுக்கு இருந்தவர் முகத்துத் துணியை எடுத்தார். பசுபதி பார்த்தானா? பார்த்தான், கண்ணைச் சுருக்கி, விரல் சந்து வழியாகப் பார்க்கிறதுபோல. தாடி முளைத்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மூக்கு அண்ணன் மூக்குப்போலவும் இருந்தது, எல்லார் மூக்குப்போலவும் இருந்தது. சட்டையா, அந்த நீலக் கட்டம் அந்தத் தீபாவளிக்குக் கரூரில் பாதிப்பேர் போட்ட கட்டம். அவன் நெஞ்சுக்குள் ஏதோ ஆம் என்று எழுந்திருக்கப் போன சமயத்தில்தான் பக்கத்தில் அண்ணி சொன்னாள், இவர் இல்லீங்க. நல்லாப் பாருங்கம்மா என்றார் கூட வந்த ஏட்டு. இவர் இல்லீங்க, எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணுக்குக் கீழ பை இருக்கும், இந்தா, இவருக்கு இருக்குற மாதிரியே இருக்கும் என்று அண்ணி பசுபதியின் முகத்தைக் காட்டினாள். ஏட்டு அவன் முகத்தைப் பார்த்தார், குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார், திரும்ப அவனைப் பார்த்தார். துணிக்கடையில் இரண்டு புடவையை வெளிச்சத்தில் பிடித்து ஒத்துப்பார்க்கிறாற்போல. பசுபதி, எங்கே தன் பை ஏட்டுக்குச் சரியாகத் தெரியாமல் போய்விடுமோ என்று தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, வெளிச்சத்தில் காட்டினான். காட்டினான். முகத்தைக் காட்டி, இது இல்லை என்று சாட்சி சொன்னான். ஆமா, இதில்ல என்று ஏட்டு எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் இரண்டு பேரும் டீ குடித்தார்கள். அண்ணன் இல்லை என்ற சந்தோஷத்தில் அவன் இரண்டு டீ குடித்தான். உள்ளே அண்ணன் படுத்திருந்தான். கேட்க ஆளில்லாத பிணம் என்று அவர்களே ஒரு குழி வெட்டிப் போட்டிருப்பார்கள், தம்பி இல்லாமல், தண்ணிக்குடம் இல்லாமல், ஒரு பிடி மண் போட ஆளில்லாமல்.

தியேட்டர் கதவு திறந்து ஒரு சக்கர நாற்காலி வந்தது. அதில் ஒரு அம்மாள், கண் இரண்டின்மேலும் ஈரப்பஞ்சு, வாய் மட்டும் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது, முடிஞ்சுருச்சா, முடிஞ்சுருச்சா என்று. முடிஞ்சுதுங்கம்மா என்று தள்ளிக்கொண்டு போன பெண் சொல்ல, அந்த அம்மாள் நம்பாமல் திரும்பவும் கேட்டாள். கதவு மூடியது. உடனே கூப்பிடுவார்கள் என்று நினைத்தான், கூப்பிடவில்லை, உள்ளே கழுவித் துடைக்கவேண்டும்போல. செல்லாண்டி சக்கர நாற்காலி போகிற திசையைப் பார்த்துவிட்டு, வலிக்கலயாட்டம் இருக்குது, நல்லாத்தான் பேசறாங்க என்று அவனுக்குத் தைரியம் சொன்னாள். அவள் அவனைப் பார்க்கும்போது கண்ணைப் பார்க்கமாட்டாள். கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே பார்ப்பாள். எத்தனையோ வருஷமாக அப்படித்தான் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரியும், அண்ணனைத்தான் தேடுகிறாள் என்றும் தெரியும், அதனால் அவள் பார்க்கும்போது அவன் அசையாமல் இருந்து கொடுப்பான், ஊசிபோட நீட்டின கைபோல. தேடுவதற்கென்றே அந்த முகத்தை அன்றைக்கு விற்றார்கள், விற்றார்கள் என்று சொல்லக்கூடாது, ஒட்டினார்கள். காணவில்லை என்று போஸ்டர் போட அண்ணனின் படம் நல்லதாக ஒன்றுகூட இல்லை. பை தெரியும் என்று அண்ணன் எந்தப் படத்துக்கும் நேரே நின்றதில்லை, கல்யாணப் படத்தில்கூட மாலைக்குள் குனிந்துகொண்டிருந்தான். ஸ்டுடியோக்காரர்தான் யோசனை சொன்னார், அதான் தம்பி இருக்காப்லயே, அண்ணன் சட்டையைப் போட்டு உக்காரச் சொல்லுங்க, மீசையை நான் கொஞ்சம் தடிமனாக்கிடுறேன். உட்கார்ந்தான். முகத்தைத் தூக்குங்க தம்பி, பை நல்லாத் தெரியட்டும், அதானே அடையாளம். ஈரோடு, சேலம், நாமக்கல் பஸ் ஸ்டாண்டுகளில் அவன் முகம் அண்ணன் பெயரோடு காணாமல் போயிற்று. சேலத்தில் ஒரு டீக்கடைக்காரர் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்து, ஓடிப்போனது போதும், வீட்ல தேடறாங்க, மொதல்ல ஒரு பன்னு தின்னு என்று அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார். நான் அவரில்லைங்க, நான் தேடறவன் என்று அவன் சொன்னதை அவர் நம்பவே இல்லை. பன்னைத் தின்றுவிட்டு வந்தான். அண்ணன் பன்னை அவன் தின்றான்.

அப்புறம் வருஷம் போயிற்று. அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள், பெரியவன் வந்ததும் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் போடவேண்டும் என்று. முடிச்சு அவிழவில்லை. பசுபதிக்குப் பெண் பார்க்கலாம் என்று மாமா இரண்டு மூன்று தடவை வந்து பேசினார், அண்ணன் வராம இவன் எப்படி மணையில உக்காருவான், ஊர் என்ன பேசும் என்றாள் அம்மா. குளித்தலைப் பக்கம் ஒரு பெண், டீச்சர் ட்ரெயினிங் படித்தவள், அவளே அவனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள் என்று தரகர் சொன்னார், ஒரு வருஷம் பொறுத்தார்கள், அப்புறம் யார் பொறுப்பார்கள். அம்மா போய்ச் சேர்ந்தபோது அவள் கடைசியாகக் கேட்டது வந்துட்டானா என்றுதான். அம்மா படுக்கைக்குப் பக்கத்தில் பசுபதி குனிந்தான், அவள் அவன் கண்ணுக்குக் கீழே தடவிப் பார்த்து, வந்துட்டியா சாமி என்றாள். அவன் வந்துட்டேன்மா என்றான். என்ன செய்ய. அண்ணனுக்கு வயசாவது அவன் முகத்தில்தான் நடந்தது. இருபத்தெட்டில் போனவனுக்கு முப்பத்தைந்தில் எப்படி இருக்கும், நாற்பதில் நரை எங்கே விழும், எல்லாம் இவன் முகத்தில் அண்ணி பார்த்துத் தெரிந்துகொண்டாள். காலையில் சவரம் பண்ணும்போது கண்ணாடியில் இருக்கிறவன் கொஞ்சம் தாமதமாக இமைக்கிறான் என்று ஒருநாள் தோன்றிவிட்டது, அன்றிலிருந்து விளக்கைப் போடாமலே சவரம் பண்ணுகிறான், கன்னத்தில் வெட்டு. ஆவணியில் மேகலாவுக்குக் கல்யாணம். பத்திரிகையில் அப்பா பெயர் உயிரோடு இருக்கிறவர் பெயர்போலவே அடித்தாயிற்று. தாரை வார்க்க அப்பா இடத்தில் நீங்கதான் சித்தப்பா உக்காரணும், அப்பாவும் இப்படித்தான இருப்பாரு, யாருக்கும் வித்தியாசமே தெரியாது என்று குழந்தை சிரித்துக்கொண்டே சொன்னாள், குழந்தையா, இருபத்தொரு வயசு, பெங்களூரில் வேலை. அன்றைக்குத்தான் இதை எடுத்துவிடுவது என்று முடிவு பண்ணினான். கம்பெனியில் முதலாளி பையன் சொன்னார், வெளிநாட்டு ஆட்கள் வருகிறபோது களைப்பாகத் தெரிகிறேனாம் என்று வீட்டில் சாக்குச் சொன்னான். மணையில் சித்தப்பாவாக உட்காரவேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசைப்பட்டது. ஒரே ஒரு நாள், ஒரு படத்தில், பசுபதியாக. அதற்குத்தான் டாக்டரிடம் போனான். டாக்டர் படுக்கச் சொன்னார்.

இப்போது சொன்னால் என்ன ஆகும். அண்ணி, அன்னிக்கு நாம வேண்டாம்னுட்டு வந்தது அண்ணனைத்தான். சொன்ன நிமிஷம் இந்த மல்லி போகும். குங்குமம் போகும். மகள் கல்யாணத்துக்கு மூன்று மாசம் இருக்கும்போது, ஊரைக் கூட்டி, காணாமல்போய் இத்தனை காலமாகிவிட்டவனுக்கு ஒரு பொம்மை செய்து எரித்து, அவளை உட்காரவைத்துச் செய்யவேண்டியதைச் செய்வார்கள், மகள் மணவறையில் இருக்க இவள் சமையல்கட்டில் நிற்பாள். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் அண்ணன் அந்தத் துணிக்கடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, நீ தலையைத் தாழ்த்தி வெளிச்சத்தில் காட்டினாயே என்பான். அதுவாவது போகட்டும். சொல்லாவிட்டால் இவள் காத்துக்கொண்டே இருப்பாள். பை போன முகத்தோடு நான் வெளியே வருவேன், கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே பார்ப்பாள், அங்கே ஒன்றும் இருக்காது. கடைசியாக மிச்சமிருந்ததையும் நான்தான் எடுத்தேன் என்று ஆகும். சொன்னாலும் கொல்கிறேன், சொல்லாவிட்டாலும் கொல்கிறேன், அண்ணனை ஒரு தடவை, அண்ணியை ஒரு தடவை. ஊசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் குத்தும்போது இமைத்துவிட்டால் என்ன செய்வது என்று நடுவில் ஒரு பயம் வந்து போயிற்று. அதைப் பயப்பட்டது சுகமாக இருந்தது, ஊசிதானே. டிவியில் ஒரு மாமியார் வாயைத் திறந்து திறந்து மூடினாள். ஏசி காற்று அங்கிக்குள் நுழைந்து முதுகைத் தடவியது. மை காய்ந்து தோல் இறுகியது. மேல் படியில் கால் வைக்கிற மாதிரி ஒரு தடவை மூச்சை இழுத்தான், படி இல்லை, திரும்ப இழுத்தான்.

"படுத்தா இது போயிருதாம் அண்ணி."

செல்லாண்டி டிவியிலிருந்து திரும்பாமல் எது என்று கேட்டாள். இந்தப் பைதான் என்றான் அவன். டாக்டரம்மா படுக்கவெச்சுக் காட்டினார்கள், எனக்கும் போய்விட்டது, படுத்திருக்கிற யாருக்கும் இது இருக்காதாம், அன்னிக்கு அங்கே படுத்திருந்தது என்று தொடங்கினான். முடிக்க முடியவில்லை. அவள் மடியிலிருந்த சட்டையை எடுத்து, நன்றாக மடித்திருந்ததையே பிரித்து, காலரைத் தட்டி, திரும்ப மடித்தாள். பொத்தான் ஒன்று நழுவப் பார்த்தது, அதை நகத்தால் அழுத்தி உள்ளே தள்ளினாள்.

"அவங்கதான்," என்றாள்.

அவள் இப்போதுதான் புரிந்துகொண்டாள் என்று அவன் நினைத்தான், இதோ அழப்போகிறாள், நான் எழுந்து நிற்கவேண்டும், இந்த அங்கியோடு எப்படி எழுந்திருப்பது, பின்னால் திறந்திருக்கிறது. அவள் அழவில்லை.

"இப்பத்தான் தெரியுதுன்னு நெனச்சுக்காதீங்க தம்பி. அன்னிக்கே தெரியும். மொகத்துத் துணிய எடுக்கறதுக்கு முன்னாலயே தெரியும். கால் வெளிய நீட்டிட்டு இருந்துச்சில்ல, எடது சுண்டு விரல் நகம் ரெண்டாப் பொளந்திருக்கும் அவங்களுக்கு."

பசுபதிக்கு அண்ணன் கால் ஞாபகம் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. கூடவே வளர்ந்தவன் கால் விரல் ஒன்றுகூட. முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். செல்லாண்டி தணிந்த குரலில், யாரோ ஒருத்தியைப் பற்றி யாரோ ஒருத்தியிடம் சொல்லுகிறமாதிரி சொல்லிக்கொண்டு போனாள். அவளுடைய அக்காள் புருஷன் போனபோது அவளுக்குப் பதினாலு வயசு, அக்காளுக்கு இருபது. பத்தாம் நாள் அக்காளுக்குப் பட்டுடுத்தி, கை நிறைய வளையல் போட்டு, தலை கொள்ளாமல் பூ வைத்து, நடுவீட்டில் உட்காரவைத்து எல்லாரும் பார்த்தார்கள், அப்புறம் எல்லாவற்றையும் பிய்த்தார்கள். வளையலை உடைத்த கை அக்காளைப் பெற்றவள் கை. அந்த வெள்ளைத் துணிக்கு முன்னால் நின்றபோது அண்ணன்கூட ஞாபகம் வரவில்லையாம், அந்த வளையல் சத்தம்தான் கேட்டதாம். வயிற்றில் மேகலா புரண்டாளாம், நாலு மாசத்தில் புரளாது என்பார்கள், புரண்டாள். அப்போதுதான் வாயில் இவர் இல்லீங்க என்று வந்தது. இரண்டு நாளில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்தால் அத்தை காசு முடிந்து வைத்திருக்கிறாள், ரத்தினகிரிக்குப் பிடிக்கும் என்று கொள்ளு வேகவைத்திருக்கிறாள். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்ல. அப்புறம் பார்த்தால் காத்திருக்கிறவளிடம் யாரும் ஒன்றும் பிடுங்கவில்லை. பூ வைத்துக்கொண்டாள், வேலைக்குப் போனாள், பிள்ளைக்கு அப்பா பெயரைச் சொல்லிப் பள்ளியில் சேர்த்தாள், நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டார்கள். மாசி மாசம் ஒருநாள் மட்டும் சேலத்துக்குப் போய், நகராட்சி இடுகாட்டில் எந்தக் குழி என்று தெரியாததால் எல்லாக் குழிக்கும் சேர்த்து வாசலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வருவாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல," என்றான். அவன் குரல் அவனுக்கே பள்ளிக்கூடத்துப் பையன் குரல்போலக் கேட்டது.

"சொல்லியிருந்தா அத்தைகிட்டப் போய்ச் சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருப்பான். அன்று சாயங்காலமே சொல்லியிருப்பான். குளித்தலை டீச்சர் ட்ரெயினிங் பெண் ஒரு வருஷம் பொறுத்தாளே, அவள் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தான், அதுவும் வரவில்லை, தோட்டில் ஒரு சிவப்புக் கல் மட்டும் வந்தது. கோபம் வரவேண்டும். எங்கேயோ கிளம்பிவிட்டது, கால் வழியாக ஏறிக்கொண்டிருக்கிறது, மேலே வந்து சேர இன்னும் நேரமாகும், தியேட்டருக்குள் போன பிறகு வருமோ, மருந்து கொடுத்துவிட்டால் தூக்கத்தில் வருமோ. அப்படியானால் இத்தனை காலம் இந்த முகத்தில் யாரையும் யாரும் தேடவில்லை. அசையாமல் இருந்து கொடுத்தேனே. அவள் பார்த்தது அண்ணனை இல்லை. அன்றைக்குக் கை நீட்டிக் காட்டின இடத்தைப் பார்த்திருக்கிறாள், தான் செய்தது அங்கே இன்னும் இருக்கிறதா என்று. இருந்தது. ஒவ்வொரு நாளும் சோறு போட்டுவிட்டு, விரற்கடை கீழே, இருந்தது, இருந்தது.

"உங்களுக்குப் பண்ணுனது எனக்குத் தெரியும் தம்பி," என்றாள் செல்லாண்டி. அவள் எதிர்பார்த்திருந்தால் இப்போது அவன் ஏதாவது சொல்லவேண்டும், பரவாயில்லை அண்ணி என்றோ, பாவி என்றோ. இரண்டும் நாக்கில் ஏறி, இரண்டும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டன.

கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸ் வந்தாள், சின்னப் பெண், தலையில் நீலத் தொப்பி. பெயர் கேட்டாள். பசுபதி என்றான். என்ன ஆபரேஷன் என்று கேட்டாள், சரிபார்க்கத்தான் கேட்கிறேன் என்றாள், சொன்னான். கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிடச் சொன்னாள். அவன் கழற்றி நீட்ட, செல்லாண்டி வாங்கி முந்தானையில் துடைத்து, மடித்த சட்டைக்குள் வைத்தாள். நர்ஸ் அவளைப் பார்த்து, நீங்க அவருக்கு என்ன வேணும் என்றாள். அண்ணி என்றாள். மருந்து மயக்கத்தில் எழும்போது தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போக ஆம்பளை ஆள் ஒருத்தர் இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டு, சாதாரணமாக, உங்க வீட்டுக்காரர் வரலீங்களாக்கா என்று கேட்டாள். ரேஷன் கடையில், பள்ளிக்கூடத்தில், மேகலாவைப் பெண் பார்க்க வந்த வீட்டில், இந்தக் கேள்விக்கு அண்ணி சொல்லும் பதிலை அவன் மனப்பாடமாக அறிவான். வெளியூர் போயிருக்காங்க. அதை அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தான். சொல்லிவிட வேண்டுமே என்றும் இருந்தது, சொல்லிவிடக் கூடாதே என்றும் இருந்தது.

"அவரு இல்லீங்க," என்றாள் செல்லாண்டி. "தவறிட்டாரு. ரொம்ப வருஷமாச்சு."

நர்ஸ் அவள் நெற்றியைப் பார்த்திருக்கவேண்டும், மல்லியைப் பார்த்திருக்கவேண்டும், ஆனாலும், அப்ப நாங்களே கீழ வரைக்கும் கொண்டுவந்து விடுறோம், நீங்க கீழ ஹால்ல இருங்க என்று சொல்லி, வாங்க சார் என்று கதவைத் தோளால் பிடித்துக்கொண்டு நின்றாள். பசுபதி எழுந்தான். அங்கியின் பின்பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டான். அவளும் எழுந்தாள். கண்ணாடி இல்லாமல் அவள் முகம் ஒரு பழுப்பு நிறமும் அதில் ஒரு சிவப்புப் புள்ளியுமாக இருந்தது. அந்தப் புள்ளி அவனுக்கு நேராக, உயரமாக, கண் இருக்கும் இடத்துக்கு நேராக நிமிர்ந்தது என்று நினைத்தான். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. போயிட்டு வாங்க தம்பி என்றாள். அவன் சரி என்று தலையாட்டினான், அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ. அவள் அவனுடைய துணியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். லிஃப்டுக்கு நிற்கவில்லை, மாடிப்படிப் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்குகிறதா, இல்லை வேகமாக நடப்பதால் அப்படித் தெரிகிறதா, அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். சார், குளிர் காத்து வெளிய போகுது, வாங்க என்றாள் நர்ஸ். இதோ என்று சொல்லிவிட்டு, வெள்ளையாக அந்த மல்லி படி இறங்கி இறங்கி மறைகிறவரைக்கும் அவன் அங்கேயே நின்றிருந்தான்.